கண்ணாடிக்காரியின் புகுந்த வீடு

கண்ணாடி வெட்டுகிறவர்களுக்குக் கையைவிடக் காது முக்கியம். கட்டர் ஒழுங்காக ஓடினால் பட்டுத்துணியைக் கிழிப்பது மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரும். நடுவில் எங்கேயாவது சத்தம் செத்துப்போனால், அந்த இடத்தில் கண்ணாடி தன் இஷ்டத்துக்குத்தான் உடையும். அன்று காலை கண்ணாடிக்காரி ஒரு அலமாரிக் கதவுக்காகக் கட்டரை ஓட்டிக்கொண்டிருந்தபோது பஸ் டிரைவர் வந்து கடை வாசலில் நின்றார். யூனிஃபார்மோடு நின்றார். டியூட்டி நேரத்தில் அவர் இந்தப் பக்கம் வருகிற ஆளே இல்லை. அவள் நிமிர்ந்து பார்த்த நொடியில் சத்தம் செத்தது.

"போச்சு, நல்ல கண்ணாடி," என்றாள். "சொல்லுங்கண்ணா. யாருக்கு என்ன?"

"ஆளுக்கு ஒண்ணும் இல்ல தங்கச்சி. பழைய ஜெபக்கூடத்துல கல்லெறிஞ்சிருக்கானுங்க. தெருப் பக்கம் ஒரு ஜன்னல்கூட மிச்சமில்ல. சுவத்துல வேற கண்டதையும் எழுதி வச்சிருக்கானுங்க. உன் வீட்டுக்காரனோட அண்ணன் தனியா நின்னு துடைச்சிக்கிட்டிருந்தார். பஸ் ஓட்டிக்கிட்டே பார்த்தேன். நிறுத்த முடியல. மனசு கேக்கல, அதான் டிப்போவுல சொல்லிட்டு ஓடி வந்தேன்."

பஸ் டிரைவர் பிறப்பால் யூதர். தன் ஜனங்கள் காத்திருக்கும் மேசியா யேசுவாதான், அதாவது இயேசுதான், என்று நம்புகிறவர். வாரம் முழுக்கப் பஸ் ஓட்டிவிட்டு, சனிக்கிழமை ஆனால் மரக்கடை மாடியில் கூடுகிற மேசியா சபையை நடத்துவார். சபையில் பாதிப் பேர் யூதர்கள், பாதிப் பேர் மற்ற ஜனங்கள். கண்ணாடிக்காரி மற்ற ஜனங்களில் ஒருத்தி. அவள் கணவன் யூதன்.

கணவன் மேசியாவை நம்பிய அன்றே அவனுடைய அண்ணன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டார். அவன் இவளைக் கட்டிக்கொண்டபோது, சாத்திய கதவுக்குப் பூட்டும் போட்டார். அண்ணன் தையல்காரர். யூதர்களின் பழைய ஜெபக்கூடத்தைப் பெருக்கி, திறந்து, மூடுகிற பொறுப்பும் அவருடையதுதான். கல்யாணமாகி, தலை நரைக்கத் தொடங்கிய இந்த நாள் வரைக்கும் கண்ணாடிக்காரி அவரிடம் பேசியது ஒரே ஒரு சொல். ஒருநாள் கடைத்தெருவில் எதிரே வந்தவரிடம் "அத்தான்" என்றாள். அவர் குடையை அவள் பக்கத்துக் கைக்கு மாற்றி, முகத்தை மறைத்துக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் கணவன் வேலை முடிந்து வந்தான். யூனிஃபார்ம் தைக்கிற ஆலையில் துணி வெட்டுகிறவன் அவன், சட்டையெல்லாம் பஞ்சு. அவள் பருப்பு சூப்பை ஊற்றி வைத்தாள். அவன் ரொட்டியை அதில் முக்கினான், முக்கினபடியே வைத்திருந்தான். ரொட்டி கரைந்து பாதி உள்ளே விழுந்தது.

"கேள்விப்பட்டீங்களா?"

"ம்."

"போய்ப் பார்க்கணும்."

"எங்கப்பா செத்தப்ப அந்த ஜெபக்கூடத்துத் தெருவுல நின்னேன். உள்ள வரலாமான்னு ஆள் விட்டுக் கேட்டேன். வெளியகூட வரல எங்கண்ணன். ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, 'செத்தவருக்கு ஒரே பையன்தான்'னு சொன்னான். அந்த ஜன்னல்தான் இப்ப உடைஞ்சிருக்கு. நான் என்ன பண்ணணும்? அழணுமா?"

"அழ வேணாம். அளவெடுக்கணும்."

அவன் கரண்டியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். "அது நான் பிறந்த ஜனம். எனக்கே வேணாம்னு இருக்கு. உனக்கு மட்டும் எங்கிருந்து இவ்வளவு அக்கறை?"

"உங்களுக்குப் பிறப்புல வந்தது. வேணாம்னு நீங்க உதறினாலும் ஒட்டிக்கிட்டுதான் இருக்கும். நான் தேடி வந்தவ. நானும் விட்டுட்டா எனக்குன்னு பிடிச்சுக்க என்ன இருக்கு?"

"நான் வரமாட்டேன்."

"உங்களை யாரு கூப்பிட்டா? சூப்பைக் குடிங்க. ஆறிப்போச்சு."

சாயந்திரம் மரக்கடை மாடியில் சபையைக் கூட்டியிருந்தார் பஸ் டிரைவர். கீழே அறுத்து அடுக்கிய பலகைகளின் வாசனை படியேறி மாடிக்கும் வந்திருந்தது. ஜெபக்கூடத்துக்கு உதவி செய்யலாமா என்று கேட்டதுமே ரொட்டிக்காரர் எழுந்துவிட்டார். கண்ணாடிக்காரியைப் போல அவரும் மற்ற ஜனங்களைச் சேர்ந்தவர்தான். ஆள் பெரிய உருவம், குரல் அதைவிடப் பெரியது. யூதர்களின் ஓய்வுநாளை ஒன்று விடாமல் கடைப்பிடிப்பார்; அதில் பிறவி யூதர்களையே குறை சொல்லுகிற அளவுக்குக் கறார்.

"நான் கேக்குறேன். அவங்களுக்குன்னு வந்த மேசியாவை அவங்களே வேணாம்னு சொல்லிட்டாங்க. நாம ஏத்துக்கிட்டோம். அப்ப இன்னைக்கு இஸ்ரவேல் யாரு? நாமதானே? நம்மளைக் கண்டா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறாங்க. அவங்க ஜன்னலுக்கு நாம ஏன் கை கொடுக்கணும்?"

அறையில் யூதர்களாகப் பிறந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பஸ் டிரைவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். கண்ணாடிக்காரி பின்வரிசையில் இருந்தாள். கூட்டத்தில் பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனாலும் எழுந்தாள்.

"ரொட்டிக்கார அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? உங்க மருமக உங்க வீட்டுக்கு வந்து எவ்வளவு நாளாச்சு?"

"அவளை எதுக்கு இழுக்கிற?"

"சும்மா சொல்லுங்க. நல்ல பொண்ணுதானே?"

"தங்கமான பொண்ணு. அடுப்படி, கடை, எல்லாம் அவதான்."

"உங்க மூத்த மக உங்களோட சண்டை போட்டுட்டுப் பேசாம இருக்கா. சபைக்கே தெரியும். சரி. நாளைக்கு உங்க மருமக வந்து, 'மாமா, உங்க பொண்ணுதான் உங்களோட பேசுறதில்லையே, இனிமே நான்தான் உங்க மக, அவ பேரை எடுத்துடுங்க, அவ படத்தைக் கழட்டுங்க'ன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

ரொட்டிக்காரரின் கழுத்து சிவந்தது.

"வீட்டை விட்டே துரத்திடுவீங்க. ஏன்னா மருமகளுக்கு அந்த வீடு முழுசா வீடுதான். அவளை மகளா மாறுன்னு யாரும் கேக்கல. மாறவும் வேணாம். சாவி அவ இடுப்புல இருக்கு, சாப்பாடு அவ கையில இருக்கு. ஒரு குறையும் இல்ல. ஆனா மகளைத் தள்ளிட்டுத்தான் மருமகளுக்கு இடம்னா, அது என்ன வீடு? நாம வாக்கப்பட்டு வந்தவங்கண்ணா. வந்த வீட்ல கல்லெறிஞ்சா, 'அவங்க என்னோட பேசுறதில்லை'ன்னு வெளிய நிப்போமா?"

யாரோ மெல்லச் செருமினார்கள். பஸ் டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் அந்த வீட்ல பிறந்தவன். இதைச் சொல்ல எனக்கு வாய் வரல. நீ சொன்னது நல்லதாப் போச்சு," என்றார்.

ரொட்டிக்காரர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, படி அதிர இறங்கிப் போனார்.

மறுநாள் காலை அவள் அளவுநாடாவும் துடைப்பமும், பையில் ஒரு தார்ப்பாயும் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கட்டட முதலாளியிடமிருந்து போன் வந்தது. ஊருக்கு வெளியே அவர் கட்டுகிற குடியிருப்புக்கெல்லாம் கண்ணாடி இவள் கடையிலிருந்துதான் போகிறது.

"அந்த இடத்துல நீ வேலை எடுக்கிறதா பேச்சு அடிபடுதே. எனக்கு அவங்க மேல ஒண்ணும் கோபம் கிடையாது. ஆனா ஊர் வாய் இருக்கு பாரு. அங்க கை வச்சா, என் சைட்டுக்கு உன் கண்ணாடி வேணாம்மா. நான் சொல்றது புரியுதில்ல?"

"நல்லாப் புரியுதுங்க," என்று சொல்லி போனைப் பையில் போட்டாள். துடைப்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஜெபக்கூடம் பழைய கட்டடம். உயரமான மரச்சட்டங்கள், சட்டங்களில் கண்ணாடி பல் உடைந்த வாய் மாதிரி அங்கங்கே நீட்டிக்கொண்டிருந்தது. கணவனின் அண்ணன், அந்த வீட்டு மூத்தவர், வாசல் படியில் வாளியோடு உட்கார்ந்திருந்தார். சுவரில் எழுதியிருந்ததில் பாதி போயிருந்தது, பாதி போகவில்லை. காற்றில் மழை வாசனை இருந்தது.

"அத்தான், ஜன்னலுக்கு அளவெடுக்க வந்தேன்."

அவர் நிமிரவில்லை. "வேணாம்."

"மழை வரப் போகுது."

"வரட்டும். உங்க வேலை எனக்குத் தெரியும். இன்னைக்குக் கண்ணாடி மாட்டுவீங்க. நாளைக்கு உங்க மேசியாவை மாட்டுவீங்க."

"கண்ணாடி மட்டும்தான் அத்தான். அதைப் பத்தி நானா ஒரு வார்த்தை பேசமாட்டேன். நீங்க கேட்டாத்தான்."

"நான் கேக்கமாட்டேன்."

"அப்ப சரி. பேச்சே இல்ல."

அவர் முதல்முறையாக அவளை ஏறிட்டுப் பார்த்தார். "எங்க தாத்தா காலத்துல இதே ஜன்னலை உடைச்சவன் யார் தெரியுமா? கடவுள் பேரைச் சொல்லிக்கிட்டுத்தான் உடைச்சான். நீங்க கும்பிடுற அதே பேரை."

"தெரியும் அத்தான். உங்க தம்பி சொல்லியிருக்காரு. அதனாலதான் வந்தேன்."

அவள் அவருடைய பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நடைபாதையில் சிதறிக் கிடந்த கண்ணாடியைக் கூட்டத் தொடங்கினாள். சில்லுகளை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள். அவருடைய மனைவி உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், பிறகு ஒரு முறத்தைக் கொண்டுவந்து பேசாமல் நீட்டினாள். "தேங்க்ஸ்க்கா," என்றாள் கண்ணாடிக்காரி.

கூட்டி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழை இல்லை. காற்று தெருவோடு வளைந்து, தண்ணீரை வாரி வாரி ஜன்னல் வழியாக உள்ளே இறைத்தது. மூத்தவர் வாளியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். தோரா என்கிற வேதச் சுருள்கள் இருந்த பேழை சரியாக ஜன்னலுக்கு எதிரே இருந்தது. திரைச்சீலை நனைந்து கனத்துத் தொங்கியது.

கண்ணாடிக்காரி பையில் இருந்த தார்ப்பாயை உதறினாள். ஆணி அடிக்க நேரமில்லை. பெஞ்சு மேல் ஏறி, ஜன்னல் சட்டத்தில் முதுகைக் கொடுத்து, தார்ப்பாயின் இரண்டு முனைகளையும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டாள். "எடுங்க அத்தான், எடுங்க!" என்று கத்தினாள். மூத்தவர் சுருள்களை ஒவ்வொன்றாக மார்போடு அணைத்துக்கொண்டு, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி உள்ளறைக்குக் கொண்டுபோனார். சட்டத்தில் ஒட்டியிருந்த ஒரு கண்ணாடித் துண்டு அவள் தோளில் குத்திக்கொண்டே இருந்தது. அவள் நகரவில்லை. நகர்ந்தால் தண்ணீர் உள்ளே போகும்.

கடைசிச் சுருளும் உள்ளே போனபிறகுதான் இறங்கினாள். மூத்தவரின் மனைவி அவள் தோளைப் பார்த்து, "ஐயோ, ரத்தம்!" என்று துண்டை எடுத்து அழுத்தினாள். மூத்தவர் மூச்சு வாங்க வந்து நின்றார். ரத்தத்தைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார்.

"அளவெடு," என்றார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கடையில் வெட்டத் தொடங்கினாள். தோளில் கட்டு இருந்ததால் கட்டரை இழுக்கும்போது வலித்தது. ஆனால் சத்தம் எங்கேயும் சாகவில்லை. வெட்டிய கண்ணாடிகளைத் தூக்க ஆள் வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது ரொட்டிக்காரர் வந்து நின்றார். அடுப்பிலிருந்து தட்டை எடுக்கப் போடுகிற தடித்த கையுறைகள் இரண்டு கையிலும்.

"கண்ணாடி தூக்க இது ஆகுமா?" என்றார் முகத்தைப் பார்க்காமல்.

"ரொம்ப நல்லா ஆகும்ணா."

"என் மருமககிட்ட நீ சொன்னதைச் சொன்னேன். 'அவங்க சொன்னது சரிதானே மாமா, முதல்ல அக்காவுக்குப் போன் பண்ணுங்க'ன்னு என்னையே மிரட்டுறா." கண்ணாடியைப் பூப்போலத் தூக்கினார். "பண்ணினேன். எடுத்தா."

இருவரும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கீழ் ஜன்னல்களை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டாள். சட்டத்தைச் சுரண்டி, கண்ணாடியைப் பிடித்திருந்த பழைய மக்குப் பசையைப் பெயர்த்து, கண்ணாடியை உட்கார வைத்து, சுற்றிலும் புது மக்கை உருட்டி அழுத்தி, கத்தியால் சாய்வாக வழித்துவிட வேண்டும். "இதுக்குப் பேரு மக்கா? என்னைத்தான் சொல்றியோன்னு நினைச்சேன்," என்றார் ரொட்டிக்காரர். மூத்தவரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மேல் ஜன்னல்கள்தான் பெரும்பாடு. ஏணியில் ஒருவர் கண்ணாடியைத் தாங்க, இன்னொருவர் மக்கு வைக்க வேண்டும். ரொட்டிக்காரர் ஏறினால் ஏணி முனகியது. வெயில் சாயத் தொடங்கியது. சூரியன் இறங்கினால் ஓய்வுநாள் தொடங்கிவிடும், வேலை நின்றுவிடும். ஒற்றைக் கையால் கண்ணாடியைத் தாங்கிக்கொண்டு அவள் மக்கு உருண்டையைத் தேடியபோது கீழிருந்து ஒரு கை அதை நீட்டியது.

கணவன். ஆலையிலிருந்து நேராக வந்திருந்தான், சட்டையில் பஞ்சோடு.

"தோளைக் கிழிச்சிக்கிட்டுப் பேசாமலே இருந்தா எனக்குத் தெரியாதா? நகரு, நான் தாங்குறேன்."

அவன் ஏணியில் ஏறியதை மூத்தவர் வாசலிலிருந்து பார்த்தார். இவனும் பார்த்தான். ஏணி ஆடியபோது கீழே வந்து காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டவர் மூத்தவர்தான்.

தெரு முனையில் சில இளவட்டங்கள் கூடினார்கள். ஒருவன் எதையோ சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். ரொட்டிக்காரர் போனை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் மேசியா சபை ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மரக்கடைக்காரர், நர்ஸ், பள்ளிக்கூட வாட்ச்மேன், கடைசியாகப் பஸ் டிரைவர். யாரும் உள்ளே போகவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. ஜெபக்கூடத்துக்கு முதுகைக் காட்டி, முனையைப் பார்த்தபடி நடைபாதையில் தோளோடு தோள் நின்றார்கள். ரொட்டிக்காரர் நடுவில், கையுறையோடு. இளவட்டங்கள் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தன் வேலை இருப்பதாகச் சொல்லி நழுவினான். அவன் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

ஓரத்தில் ஒரே ஒரு ஜன்னல் பாக்கி இருந்தபோது கூரைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. கண்ணாடிக்காரி கத்தியைத் துடைத்துப் பையில் போட்டாள்.

மூத்தவர் தயங்கினார். "எங்களுக்குத்தான் வேலை கூடாது. உனக்கு அந்தச் சட்டம் இல்ல. நீ முடிச்சுட்டுப் போகலாம். தப்பில்ல."

"தெரியும் அத்தான். ஆனா வீட்ல எல்லாரும் உக்காந்தப்புறம் மருமக மட்டும் வேலை பார்த்துக்கிட்டே இருக்கணுமா?"

மூத்தவர் திகைத்தார். பிறகு சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தும் முடியாமல் தோள் குலுங்கச் சிரித்தார். இத்தனை வருஷத்தில் அந்தச் சிரிப்பை அவள் கேட்டதே இல்லை. அப்படியே கணவனுடைய சிரிப்பு.

ஆனால் ஜெபம் தொடங்கவில்லை. ஜெபக்கூடத்து ஆண்கள் உள்ளே காத்திருந்தார்கள். கூட்டு ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும். கல்லெறிக்குப் பயந்து பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். மூத்தவர் வாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார், உள்ளே போய் எண்ணினார், மறுபடி வாசலுக்கு வந்தார். ஒன்பது பேர்தான்.

கணவன் இன்னும் ஏணியில்தான் இருந்தான். இறங்கவும் தெரியாமல், இருக்கவும் தெரியாமல் கையிலிருந்த மக்கை உருட்டிக்கொண்டிருந்தான்.

உள்ளேயிருந்து ஒரு கிழவர், "ஏணி மேல ஒருத்தன் இருக்கானே," என்றார்.

"அவன் அவங்களோட போனவன்," என்றார் இன்னொருவர்.

மூத்தவர் திரும்பினார். "போனவன்தான். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அதுக்குப் பெரிய கணக்கு இருக்கு, அது இன்னைக்குத் தீராது. அதுக்காக எங்கம்மா வயித்துல பிறக்காதவன்னு ஆயிடுவானா?" ஏணியை அண்ணாந்து பார்த்தார். "இறங்குடா. கையைக் கழுவிட்டு வா."

கணவன் இறங்கின வேகத்தில் கடைசிப் படியைத் தவறவிட்டான். விழாமல் பிடித்தவர் அண்ணன். பிடித்த கையை இருவரும் சட்டென்று எடுக்கவில்லை.

கண்ணாடிக்காரி வாசலுக்கு வெளியே, சபை ஆட்களோடு நிற்கப் போனாள். மூத்தவரின் மனைவி வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். "நீ எங்க போறே? வா, என் பக்கத்துல இடம் இருக்கு." பெண்கள் வரிசையில், விளக்கு வெளிச்சத்தில், தன் சால்வையில் பாதியை எடுத்து இவள் கட்டுப் போட்ட தோளில் போர்த்தினாள்.

ஜெபம் தொடங்கியது. கண்ணாடி இல்லாத அந்த ஒரு ஜன்னல் வழியாகப் பாட்டு தெருவுக்கும் போனது. நடைபாதையில் நின்ற மற்ற ஜனங்கள் தலையிலிருந்து தொப்பியை எடுக்க வேண்டுமா, போட்டுக்கொள்ள வேண்டுமா என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரொட்டிக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று கையுறைகளைக் கழற்றிவிட்டு நேராக நின்றார். உள்ளே பத்துக் குரல்கள். தம்பியின் குரல் முதலில் பயந்து பயந்து வந்தது. அப்புறம் சிறு வயதில் படித்த பாட்டு தானாக வாயில் ஏறிக்கொள்ள, நிமிர்ந்து பாடினான். பாட்டு மேலே ஏறுகிற இடம் வந்தது. அண்ணனும் தம்பியும் இரண்டு வரிசை தள்ளி நின்றபடி, அதே எழுத்தில், அதே அளவு சுருதி தப்பினார்கள்.

மூத்தவரின் மனைவி கண்ணாடிக்காரியின் தொடையைக் கிள்ளினாள்.

"இவங்க அப்பாவும் அந்த இடத்துலதான் தப்புவாரு," என்று காதோரம் சொன்னாள். இருவரும் ஒரே சால்வைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது, சால்வையைப் பிடித்திருந்ததில் துடைத்துக்கொள்ள இருவருக்கும் கை ஒழியவில்லை.